மண்ணில் மறைந்து வாழும் உழவர்கள்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களாகிய நாம், தெளிந்த காலையில் கிழக்கே தோன்றும் அகத்தியர் கூடத்தைப் பொதிகை என்றே போற்றுகிறோம். அம்மலைக் காட்டுக்கு உரமிடுபவர் யார்? உதிர்ந்த சருகை மட்கச் செய்து மரத்துக்கு உணவாக்கும் நுண்ணுயிர்களே!

ஆலைப் புகையிலுள்ள கந்தக வாயு மழையில் கரைந்து அமிலமாகிறது; உலோகத் தூசியும் மண்ணில் படிகிறது. நுண்ணுயிர்கள் நலிகின்றன, சருகு மட்காமல் தேங்குகிறது, மரம் உணவின்றி வாடுகிறது. ஸ்வீடன் நாட்டில், கூசும் என்னும் ஊரின் பித்தளை ஆலையை அடுத்த காட்டில், உலோகத் தூசியால் சருகு மட்குவது குறைந்ததைக் கண்டனர். கனடாவின் சட்பரியில் உலோக உருக்காலைப் புகையால் அழிந்த காட்டை, 1978 முதல் சுண்ணாம்பு தூவியும் மரம் நட்டும் மீட்டு வருகின்றனர்.

கேரள மண்ணோ இயல்பாகவே அமிலம் மிக்கது. மேலும் அமிலத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆதலின், புகையைப் புகைபோக்கியிலேயே தூய்மை செய்தல் வேண்டும். நெய்யாறும் தாமிரவருணியும் பிறக்கும் மலையல்லவா அது!