பீடோங்கில் தொடங்கும் பாடம்

 

நான் படித்த காலத்தில் குற்றவியல் நூல்களெல்லாம் லண்டனையும் சிகாகோவையுமே பேசின. மலேசியாவின் கெடா மாநிலத்தைப் பற்றிச் சொன்னவர், பால்மரம் வெட்டிய என் தாத்தா. அவர் சொன்ன கதையில்தான் என் குற்றவியல் பாடத்தின் முதல் வகுப்பை எப்போதும் தொடங்குவேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி இளைஞர்களைத் திரட்டித் தொண்டர் படை அமைத்தார். கள்ளுக்கடைக்குப் போகாதே என்று தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகச் சொன்னார்கள். கம்பேந்தி அணிவகுத்தார்கள். குடித்தவர்களைப் பிடித்துத் தண்டித்ததும் உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 1947 பிப்ரவரியில் பீடோங் கள்ளுக்கடை முன் கூடியவர்களோடு போலீஸ் மோதியது. சாமி கைதானார். அவ்வாண்டிலேயே தொழிலாளர் உயிர்களும் போயின. கள் விற்றவரிடம் உரிமம் இருந்தது. விற்காதே என்றவர் கையில் விலங்கு ஏறியது. எது குற்றம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

யார் குற்றவாளி என்ற கேள்வி அண்மைக் காலத்திலும் எழுந்தது. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர் சுமார் 40,000 பேர். பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றது. நாட்டு மக்களில் இந்தியரான நாமோ நூற்றுக்கு ஏழு பேர்தான். இந்தக் கணக்கைக் கேட்டதும் ‘இவர்கள் இரத்தமே அப்படி’ என்பவர்களுக்குப் பதில் 1942-லேயே இருக்கிறது. சிகாகோவில் ஆய்வு செய்த சமூகவியலாளர்கள் ஷா, மெக்கே இருவரும், குடியிருந்த இனங்கள் மாறிமாறி வந்தும் அதே வட்டாரங்களில் சிறார் குற்றம் குறையாததைக் காட்டினார்கள். இங்கும் மாறியது இடம்தான்: நம் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. வீடு, வேலை, பள்ளி, கோயில் எல்லாம் அருகருகே இருந்த குடும்பங்கள் கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் மலிவு அடுக்குமாடிகளில் சிதறின. அங்கே பிள்ளையை அதட்டப் பக்கத்து லயத்துப் பெரியவர் இல்லை.

கெடாவில் ஞாயிறு வேலை நாள். இதை நேரில் காண, என் மாணவர்களை அன்று மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்காரச் சொல்வேன். குற்றம் சாட்டப்பட்டவரின் வயது, படிப்பு, தொழில், வழக்கறிஞர் உண்டா என்று நான்கு கட்டங்கள் நிரப்ப வேண்டும். ஒரு மாணவி ஐந்தாவதாக ஒன்றைத் தானே கோடு போட்டுச் சேர்த்திருந்தாள்: ‘யார் வந்தார்?’ அதன் கீழே, ‘அம்மா மட்டும். தொழிற்சாலைச் சீருடை. இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார்.’

பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் சிலர் போலீஸில் சேர்வீர்கள், சிலர் சமூகநலத் துறைக்கோ பள்ளிக்கோ போவீர்கள். ஒரு பையனைப் பற்றி அறிக்கை எழுதும் நாளில் அந்த ஐந்தாவது கட்டத்தையும் நிரப்புங்கள்.