இரண்டாம் வகுப்புக்கு வாய்த்த அமைச்சர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசுவதற்கு இம்மேடையில் புலவர் பெருமக்கள் வீற்றிருக்கிறார்கள். மெட்ரிகுலேஷனோடு பள்ளிக்கு விடைகொடுத்துவிட்டு இரயில்வேயில் எழுத்தராய்ப் பணியாற்றும் நமக்குத் தெரிந்தது இரயில் ஒன்றே. ஆகவே இரயிலை ஆண்ட ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் சொல்லத் துணிந்தோம்.

இரயில்வே மந்திரி என்றவுடன் தமிழர் மனத்தில் முதலில் தோன்றுபவர் லால்பகதூர் சாஸ்திரி. 1956 நவம்பர் 23ஆம் நாள் அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, பொறுப்பேற்றுப் பதவி துறந்தவர் அவர். அது மறக்கவொண்ணாத செயல். பதவியை விட்டதனால் பெருமை பெற்றவர் அவர். பதவியில் இருந்த நாள்களைச் செலவிட்ட விதத்தால் பெருமை பெற்ற வேறொருவரும் உண்டு. அவர் பெயர் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பேராசிரியர் மது தண்டவதே என்பது அவர் பெயர்.

1924 ஜனவரி 21ஆம் நாள் அகமத்நகரில் பிறந்தவர். பௌதிகம் பயின்று, பம்பாயில் டாக்டர் அம்பேத்கர் நிறுவிய கல்விக் கழகத்தைச் சேர்ந்த சித்தார்த்தா கல்லூரியில் நீண்ட காலம் பௌதிகப் பேராசிரியராய் இருந்தார். மாணவப் பருவத்தில் 1942 ஆகஸ்டுப் போராட்டம். பின்னர் 1955இல் கோவா விடுதலைச் சத்தியாக்கிரகம். பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியில் வளர்ந்தவர். கொங்கணத்து இராஜாபூர்த் தொகுதியின் உறுப்பினராக இருந்த நாத் பாய் 1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறைந்தார். அவர் இடத்தை அவ்வாண்டுத் தேர்தலில் நிரப்பிய தண்டவதே, அதே தொகுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து முறை மக்களவைக்குச் சென்றார். பணபலமோ சாதிக் கூட்டமோ பெரிதாக இல்லாத ஓர் ஆசிரியரை மீனவரும் மாந்தோப்புக்காரரும் நிறைந்த ஒரு தொகுதி இருபதாண்டு காலம் விடாமல் பற்றிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

1975 ஜூன் 26ஆம் நாள் அவசர நிலைமை வந்தது. நாடாளுமன்றக் குழுவொன்றின் வேலையாகப் பெங்களூருக்குச் சென்றிருந்த தண்டவதே, வாஜ்பாய், அத்வானி ஆகியோருடன் அங்கேயே கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பெங்களூர்ச் சிறையில் அவர். புனேயை அடுத்த எரவாடாச் சிறையில் அவர்தம் மனைவியார் பிரமிளா அம்மையார். ஒரு சிறையிலிருந்து மறு சிறைக்கு அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களே அக்காலத்தில் அவர்களது இல்லறமாக இருந்தன.

1977 மார்ச்சு மாதத்தில் மொரார்ஜி தேசாய் அமைச்சரவை அமைந்தது. சிறையிலிருந்து வந்த பேராசிரியர் இரயில்வே அமைச்சரானார். 1979 ஜூலையில் அவ்வமைச்சரவை வீழ்ந்தது. ஆக, அவருக்குக் கிடைத்தவை இருபத்தெட்டு மாதங்கள். நம் அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து தன் இருப்பிடம் சேர்வதற்கே சில வேளைகளில் அவ்வளவு காலம் பிடிக்கும்!

அவர் வந்த வேளை எத்தகையது என்பதைச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். 1974 மே 8 முதல் 27 வரை நடந்த இரயில்வே வேலைநிறுத்தத்தை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் சுமார் பதினேழு லட்சம் தொழிலாளரைத் தொட்ட போராட்டம் அது. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பல காலனிகளில் வேலைநிறுத்தம் செய்தவர் குடும்பங்கள் குவார்ட்டர்ஸை விட்டே வெளியேற்றப்பட்டன. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்நாள்களைப் பற்றி நம்மிடம் கூறியதுண்டு. அண்டா, குண்டான், ஆட்டுக்கல் எல்லாம் வாசலில் எடுத்து வைக்கப்பட, கைக்குழந்தையின் தூளியை வேப்பமரக் கிளையில் கட்டிவிட்டு அவர் மனைவியார் மரத்தடியிலேயே உலை வைத்தாராம். பாஷை தெரியாத ஊர்; சொந்த ஊர் போகலாமென்றால் கையில் பாஸ் இல்லை.

அவரைப் போன்றோரை மீண்டும் வேலைக்கு அழைத்தது தண்டவதேயின் முதற்பணிகளுள் ஒன்று. அரசியல் எதிரியின் ஆட்சியில் நடந்ததைக் கண்டித்து மேடையில் முழங்குவது எளிது. ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் உத்தரவு வந்து சேரும்படி செய்வதோ வேறு வகையான உழைப்பு. வேலை போன எழுத்தருக்கு ஒரு மாதச் சம்பளம் மட்டுமா போகிறது? அதுவரை செய்த சர்வீஸ் அறுபடுகிறது. இன்கிரிமென்ட், பதவி உயர்வு, கடைசியில் பென்ஷன் வரை அந்த அறுவு அவரைத் துரத்தும். மேற்சொன்ன பெரியவர் உத்தரவைக் கையில் வாங்கியதும் யாரிடமும் ஒன்றும் பேசவில்லையாம். முதல் மாதச் சம்பளத்தில் மளிகைக் கடைக்காரரின் பற்றுக் கணக்கைத் தீர்த்தாராம். அந்தக் கடைக்காரரும் தமிழர் அல்லர். பெயர் கேட்காமல் மூன்றாண்டு காலம் அரிசியும் பருப்பும் அளந்தவர். (இதையும் நம் பிள்ளைகள் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.)

இனி நம் எல்லோருடைய முதுகுக்கும் தெரிந்த விஷயத்திற்கு வருவோம்.

1917ஆம் ஆண்டில் காந்தியடிகள் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தைப் பற்றி எழுதினார். அதில் அவர் விவரிக்கும் பிரயாணம் பம்பாயிலிருந்து சென்னைக்குச் சென்றது என்பது நமக்கெல்லாம் சிறப்பான செய்தி. கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கென்று எழுதப்பட்ட பெட்டி. உட்கார மட்டுமே இடம். படுக்கப் பலகை கிடையாது. வழியில் இரண்டு இரவுகள். நாடு விடுதலை பெற்றது. படுக்கும் பெட்டிகள் வந்தன. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் போயிற்று. ஆனால் பெயர் போனதே தவிர மரப்பலகை போகவில்லை. நேற்று மூன்றாம் வகுப்பாயிருந்த பலகையே இன்று இரண்டாம் வகுப்புப் பலகை ஆயிற்று. முதல் வகுப்பிலோ மெத்தை இருந்தது.

நம் பெற்றோர் தலைமுறையினர் ஹோல்டாலைத் தோளில் சுமந்து ஊருக்குப் புறப்பட்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். கூஜாவில் தண்ணீர், தூக்கில் புளியோதரை, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. அந்த ஹோல்டால் ஆடம்பரமன்று. அதிலிருந்த ஜமக்காளமும் பழம் புடவையில் தைத்த மெத்தையுமே அந்த வன்பலகைக்கும் எலும்புக்கும் இடையே நின்றவை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் பெண்ணும், காரியத்திற்கு ஓடும் கிழவரும் இரண்டு இரவுகள் அப்பலகையில்தான் புரண்டார்கள்.

தண்டவதே அமைச்சரானதும் அப்பலகையின் மேல் இரண்டு அங்குல கனத்தில் நுரைப்பஞ்சு வைக்க வேண்டுமென்றார். கேட்பதற்கு இது சிறு காரியம். ஒரு மூன்றடுக்குப் பெட்டியில் 72 படுக்கைகள்; ஒரு வண்டியில் எத்தனை பெட்டிகள், நாட்டில் எத்தனை வண்டிகள் என்று பெருக்கிப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும். முதல் வகுப்பைத் தாழ்த்துவது தம் நோக்கமன்று, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே நோக்கம் என்ற கருத்தை அவர் கூறியதாகச் சொல்வர். சோஷலிஸ்டு என்றால் மாடிவீட்டை இடிப்பவன் என்று பயந்தவர்களுக்கு, குடிசைக்குக் கூரை வேய்பவனும் அவனே என்று காட்டினார்.

1977 டிசம்பர் 26ஆம் நாள் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. இரவீந்திரநாதரின் நூற்பெயரைத் தாங்கிய அவ்வண்டியில் வகுப்பு வேற்றுமை கிடையாது. விரைவு வண்டி என்றால் உயர்ந்த வகுப்பாருக்கே என்ற வழக்கத்தை அது உடைத்தது. எல்லோரும் ஒரே வகுப்பு, ஒரே வேகம். பிற்காலத்தில் அதிலும் குளிர்சாதனப் பெட்டிகள் சேர்ந்துவிட்டன. ஆயினும் நுரைப்பஞ்சு அதன் பின் வந்த வண்டிகளிலெல்லாம் பரவிற்று. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தும் அதை உரித்தெடுக்கவில்லை. உரித்தெடுக்கத் துணியவும் முடியாது.

இன்று நீண்டதூர வண்டிகள் பலவற்றில் சாதாரணத் தூங்கும் பெட்டிகள் குறைந்து, குளிர்சாதன மூன்றடுக்குப் பெட்டிகள் பெருகி வருகின்றன. வசதி வளர்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கூலி வேலைக்கு நம் ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவன் கழிவறை வாசலில் குந்தியபடி பிரயாணம் செய்வதைக் காணும்போதெல்லாம், இரண்டாம் வகுப்பை முதலில் எண்ணிய அமைச்சர் ஒருவர் இருந்தாரே என்ற நினைவு எழுந்துவிடுகிறது. இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். நாமும் இரயில்வேயின் உப்பைத் தின்பவர்தாமே!

முன்பதிவுக்குக் கணிப்பொறியைக் கொண்டுவரும் எண்ணத்திற்கும் அவர் காலத்தில்தான் வித்திடப்பட்டது என்பர். பெரிய பெரிய லெட்ஜர்களில் பென்சிலால் பெயர் எழுதிய காலத்தில், ஓர் இடம் உண்டா இல்லையா என்பது கவுண்டருக்கு உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். அந்த இரகசியத்துக்கு ஒரு விலையும் இருந்தது. நம் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றிச் சொல்கிறோமே என்று நண்பர்கள் வருந்த வேண்டாம்! 1980களின் நடுவில் டெல்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியபோது அவர் அமைச்சராக இல்லை.

பதவியில் இல்லாதபோது நிறைவேறிய அவரது கனவு மற்றொன்றும் உண்டு. கொங்கண இரயில்வேயைத்தான் சொல்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் நடுவே அகப்பட்ட அப்பகுதியின் இளைஞர்கள் பம்பாய் ஆலைகளுக்குப் பிழைக்கப் போக வேண்டுமானால் பஸ்ஸும் படகுமே கதி. அவர் தம் தொகுதிக்காக ஆண்டாண்டாய் வாதாடினார். 1989 டிசம்பரில் வி. பி. சிங் அமைச்சரவையில் தண்டவதே நிதி அமைச்சர். ஜார்ஜ் பெர்னாண்டஸ் இரயில்வே அமைச்சர். 1974இல் வேலைநிறுத்தம் நடத்தியவரும், அதனால் வேலை இழந்தோரை 1977இல் திரும்ப அழைத்தவரும் ஒருங்கே அமர்ந்த காலம் அது! 1990இல் கொங்கண இரயில்வேக்கென்று தனிக் கார்ப்பரேஷன் பிறந்தது. மத்திய அரசுக்கு 51 விழுக்காடு, மீதி மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு என்று பங்கு பிரித்தார்கள். பத்திரங்கள் விற்றுப் பணம் திரட்டினார்கள். பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் முன்னின்று நடத்த, தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்களும் ஏறத்தாழ 2,000 பாலங்களும் கொண்ட பாதை, ரோஹாவிலிருந்து மங்களூரை அடுத்த தோக்கூர் வரை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 1998 ஜனவரி 26 முதல் முழுமையாகத் திறந்தது.

நிதி அமைச்சராக அவர் இருந்தது ஓராண்டுக்கும் குறைவே. அப்பணியை நாம் அத்துணை உயர்வாய்ச் சொல்வதற்கில்லை. உழவர்களின் 10,000 ரூபாய் வரையிலான கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 1990இல் கொணர்ந்தார். ஏழைக்கு இரங்கிய செயல்தான். ஆனால் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டும் பழக்கம் அதனால் கெட்டது என்று பொருளாதார வல்லுநர் குறை கூறினர். அரசாங்கத்தின் வரவுக்கு மீறிய செலவையும் அவரால் அடக்க முடியவில்லை. ஆகஸ்டில் குவைத்தில் போர் மூண்டு எண்ணெய் விலை ஏறவே, மறு ஆண்டில் நாடு தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்கு வந்தது. அதற்குள் அவர் பதவியில் இல்லை என்றாலும், பழியில் ஒரு பங்கு அவருக்கும் உண்டு.

ஆனால் அதே ஆண்டில் தங்கத்தைப் பற்றியே அவர் செய்த ஒரு காரியம் வாழ்க! 1963இல் மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராயிருந்தபோது கொணர்ந்த தங்கக் கட்டுப்பாட்டினால் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யக் கூடாதென்றாயிற்று. ஊர்தோறும் பத்தர் வீட்டு உலை அணைந்தது. பொற்கொல்லர் பலர் தற்கொலை செய்துகொண்டனர். பின்னர்க் கட்டுப்பாடு தளர்ந்தாலும், 1968இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று. கட்டுப்பாட்டினால் தங்க மோகம் தணியவில்லை, கள்ளக்கடத்தல்தான் வளர்ந்தது. அச்சட்டத்தை 1990இல் நீக்கியவர் தண்டவதே. தம்மை முதன்முதலில் அமைச்சராக்கிய மொரார்ஜியின் பெயரோடு ஒட்டிய கொள்கையாயிற்றே என்று அவர் தயங்கவில்லை.

1991 தேர்தலில் இராஜாபூர் அவரைக் கைவிட்டது. பின்னர் 1996 முதல் 1998 வரை திட்டக் கமிஷனின் துணைத் தலைவராய் இருந்தார். 1980இல் பம்பாயிலிருந்து மக்களவைக்குச் சென்றவரும் பெண்ணுரிமைக்கு ஓயாது பாடுபட்டவருமான பிரமிளா அம்மையார் அவருக்கு முன்பே காலமானார். இத்தனை கோடி ரூபாய்க் கணக்குகளைக் கையாண்ட அவர்மீது ஊழல் புகாரொன்றும் ஒட்டவில்லை.

2005 நவம்பர் 12ஆம் நாள், தம் எண்பத்தொன்றாம் வயதில், மும்பையில் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படியே அவர் உடல் மருத்துவ மாணவர்களின் படிப்புக்கென ஜே. ஜே. மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டது.

குழந்தைகளின் கோலாட்டத்திற்கு நேரமாகிவிட்டதென்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.