வாய்ச்சொல்லும் வில்லும்



வானத்தில் பறப்பவர்களும், மலையைப் பெயர்த்து எறிபவர்களும், கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டம் விட்டுக் கண்டம் ஓடுபவர்களும் கூடியிருக்கிற அமெரிக்கச் சித்திரக்கதைச் சபையிலே, ஒரு வில்லையும் தூணி நிறைய அம்புகளையும் தவிர வேறு எவ்வித அபூர்வ சக்தியும் இல்லாத ஒரு மனிதன், எண்பது வருஷங்களுக்கு மேலாகத் தன் ஆசனத்தை விட்டுக்கொடுக்காமல் அமர்ந்திருக்கிறான். ஆலிவர் குவீன் என்பது அவன் பெயர். முகமூடி தரித்துக்கொண்டால் கிரீன் ஆரோ. முன்கோபக்காரன், வாயடக்கம் இல்லாதவன், தான் உரக்கச் சொன்ன தர்மத்துக்குத் தானே பல சந்தர்ப்பங்களில் துரோகம் செய்தவன். இப்படிப்பட்டவனிடத்தில் வாசகர்களுக்கு இத்தனை அபிமானம் உண்டானதற்குக் காரணம் என்ன என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1941ஆம் ஆண்டு ‘மோர் ஃபன் காமிக்ஸ்’ என்ற பத்திரிகையின் 73ஆம் இதழில், மார்ட் வைசிங்கர் எழுத, ஜார்ஜ் பாப் சித்திரம் தீட்ட, அவன் முதன்முதலில் தோன்றினான். அப்போது அவனிடம் சுபாவம் என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. பாட்மனைப் போலவே ஒரு கோடீசுவரன். பாட்மனுக்கு ராபின் வாய்த்ததைப் போல இவனுக்கு ஸ்பீடி என்ற பட்டப்பெயருடைய ராய் ஹார்ப்பர் என்னும் பையன். அங்கே இருந்த விசேஷக் காரும் இரகசியக் குகையும் இங்கேயும் உண்டு. முனையில் குத்துச்சண்டைக் கையுறை பொருத்திய அம்பு முதலிய விநோதங்களைக் கண்டு குழந்தைகள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்த நாட்களில் யாரும் அவனை நேசித்ததாகச் சொல்வதற்கில்லை.

1969இல் அவன் உருவமும் நிலைமையும் ஒருங்கே மாறின. நீல் ஆடம்ஸ் என்ற சித்திரக்காரர் அவனுக்கு ஒரு கூர்த்தாடி வைத்து, ஆடையையும் மாற்றி வரைந்தார். பத்திரிகை நிருபராக இருந்து சித்திரக்கதைக்கு வந்த டென்னி ஓ’நீல் அவனுடைய ஐசுவரியம் முழுவதையும் பறித்துவிட்டார். செல்வத்தை இழந்தவன் நகரத்தின் ஏழைகள் நடுவே வந்து நின்றான். அங்கே கண்டவற்றைச் சகிக்க முடியாமல் பேசத் தொடங்கினான். அன்று திறந்த வாய் பிறகு மூடவே இல்லை.

அடுத்த வருஷம், ‘கிரீன் லான்டர்ன்’ 76ஆம் இதழில், அந்த வாய்க்குத் தகுந்த எதிராளியும் கிடைத்தான். பிரபஞ்சத்தின் காவலர்களுக்கு ஊழியம் செய்கிற கிரீன் லான்டர்னாகிய ஹால் ஜோர்டான், கோட்டு அணிந்த ஒரு கனவானை ஓர் இளைஞன் தாக்குவதைக் கண்டு, விசாரணை எதுவுமின்றிக் கனவானைக் காப்பாற்றுகிறான். அந்தக் கனவானோ, ஏழைக் குடித்தனக்காரர்களைத் தெருவில் விரட்டத் துணிந்த வீட்டுச் சொந்தக்காரன். நண்பனை அந்தப் பாழடைந்த கட்டிடத்துக்குள் அழைத்துச் சென்று, நீ காப்பாற்றியது யாரை என்று பார் எனக் காட்டுகிறான் ஆலிவர். அங்கே ஒரு கறுப்பின முதியவர், எத்தனையோ கிரகங்களில் எத்தனையோ நிறத்து ஜீவன்களுக்கு உதவி செய்த நீ எங்கள் நிறத்தாருக்கு என்ன செய்தாய் என்று வினவுகிறார். அண்டங்களைச் சுற்றி வந்த வீரனால் தலை குனிய மட்டுமே முடிகிறது. வியட்நாம் யுத்தமும் நிறவெறியும் இளைஞர்களின் மனத்தைக் கொதிக்கச் செய்திருந்த அந்தக் காலத்தில், மாணவர்கள் தெருவில் நின்று கேட்ட கேள்விகளைச் சித்திரக்கதைக்குள்ளே கேட்க ஒருவன் வந்துவிட்டான்.

ஆயினும், அநீதியைக் கண்டிக்கும் துணிவு ஒன்றே அவனுடைய கவர்ச்சிக்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கண்டனம் மட்டும் செய்கிறவனை நாம் மெச்சுவோம். சிறிது நேரத்தில் அலுப்பும் அடைவோம். இராமனுடைய நற்குணங்களை ஒருமுகமாகப் போற்றுகிற நம்மவர்கள்கூட, அவன் மறைந்து நின்று வாலியை எய்த இடத்துக்கு வந்தவுடன் விழித்தெழுந்து, பட்டிமன்றம் பட்டிமன்றமாக வாதாடுகிறார்களல்லவா? பிறரை அளக்கிற கோலால் தானும் அளக்கப்படுகிற வேளையில்தான் ஒரு வீரன் நமக்கு நெருங்கியவனாகிறான். ஆலிவரை எழுதியவர்களுள் சிறந்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். அவன் ஊருக்குச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவன் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அவ்விதம் நிறுத்தியவற்றுள் மிகக் கொடியது 1971இல் வெளிவந்த ‘கிரீன் லான்டர்ன்’ 85, 86ஆம் இதழ்களின் கதை. போதைமருந்தைச் சித்திரக்கதையில் பேசவே கூடாது என்றிருந்த பழைய தணிக்கை விதி அப்போதுதான் தளர்த்தப்பட்டிருந்தது. போதைக்கு அடிமையான இளைஞர்களைத் தேடிச் செல்லும் ஆலிவர், அவர்களுடன் ராய் இருப்பதைப் பார்த்து, உளவறிய வந்திருக்கிறான் போலும் என்று பெருமிதமே அடைகிறான். பிறகு, ஹெராயின் ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டிருக்கும் நிலையில் அவனையே காண்கிறான். ஊரார் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விட்டவன், தான் வளர்த்த பிள்ளையின் தனிமையை அறியாதவனாக ஊர் ஊராய்த் திரிந்துகொண்டிருந்திருக்கிறான். அந்த அவமானத்தைத் தாங்கமாட்டாமல் என்ன செய்தான்? பையனை அடித்தான், வசை பாடினான், வீட்டைவிட்டு வெளியேற்றினான். நடுக்கத்திலும் வேதனையிலும் துடித்த அந்தப் பிள்ளையைத் தாங்கிப் பிடித்தவள், பிளாக் கனரி என்று பெயர் பெற்ற டைனா லான்ஸ். பிணி நீங்கி எழுந்த ராய் திரும்பி வந்து, ஆலிவரின் முகத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டுத் தன் வழியே போகிறான். கதையில் இதைவிட நியாயமான அடி வேறொன்று விழுந்ததாக எனக்கு நினைவில்லை. அப்போது நியூயார்க் மேயராக இருந்த ஜான் லிண்ட்ஸே இக்கதையைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். போதையின் தீமையை விளக்கியதற்காக அவர் பாராட்டியிருக்கலாம். என் மனத்தில் தங்கியிருப்பதோ, உபதேசம் செய்து பழகிய ஒருவன் உபதேசம் பயன்படாத இடத்தில் என்ன ஆகிறான் என்பதைக் கண்ணெதிரே காட்டிய அந்த உண்மை.

மறு வருஷம் தன் அம்பால் ஒரு குற்றவாளி தவறுதலாக இறந்துவிட, ஆலிவர் வில்லைத் துறந்து ஓர் ஆசிரமத்தில் போய் ஒதுங்கினான். 1987இல் மைக் கிரெல் எழுதி வரைந்த ‘தி லாங்போ ஹன்டர்ஸ்’ என்ற மூன்று பாகக் கதையில், நாற்பது வயதைக் கடந்து சியாட்டிலில் குடியேறியிருக்கும் ஆலிவர், டைனாவைச் சித்திரவதை செய்தவனைத் தெரிந்தே கொன்றுவிடுகிறான். ஆணின் கோபத்துக்கு ஒரு நிமித்தமாகப் பெண்ணின் உடலைப் பயன்படுத்தியது அக்கதையின் பெருங்குறை என்பது என் அபிப்பிராயம். ஆனால் வித்தை காட்டும் அம்புகளையெல்லாம் அகற்றிவிட்டு, கூரிய முனை கொண்ட அம்பு என்றால் உயிர் கொல்வது என்ற பயங்கரத்தைக் கிரெல் மறைக்கவில்லை. 2012 முதல் 2020 வரை 170 அத்தியாயங்களாக ஓடிய ‘ஆரோ’ என்ற தொலைக்காட்சித் தொடர் அவனை உலகெங்கும் பிரபலமாக்கியது. அவன் கரை ஒதுங்கிய தீவும் வில்லும் பழிவாங்கலும் அதில் இருந்தன, அந்த ஓயாத வாய் இல்லை. நகைச்சுவையும் பிடிவாதமும் கலந்து, சபையில் சக வீரனாகிய ஹாக்மனோடு மல்லுக்கு நிற்கிற ஆலிவரை அதில் தேடி நான் ஏமாந்தேன்.

கடைசியாக ஒன்று. 2002, 2003ஆம் ஆண்டுகளில் பிராட் மெல்ட்ஸர் எழுதி, ஃபில் ஹெஸ்டர் வரைந்த ‘ஆர்ச்சர்ஸ் குவெஸ்ட்’ என்ற கதை. இறந்து மீண்டு வந்த ஆலிவர், தான் விட்டுச் சென்ற சில பொருள்களை, அவை பிறர் கையில் சிக்கலாகாது என்று, ராயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தேடிச் செல்கிறான். அவற்றுள் ஒன்று ஒரு புகைப்படம். அவனுக்கு கானர் ஹாக் என்று ஒரு மகன் உண்டு; ஆசிரமத்தில் வளர்ந்த சாந்தமான பிள்ளை; தந்தை இறந்தபின் அவன் பெயரையும் வில்லையும் ஏற்றுக்கொண்டவன். அப்படி ஒரு மகன் இருப்பது, அவன் வளர்ந்து ஆளான பிறகே ஆலிவருக்குத் தெரியவந்தது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்தப் புகைப்படத்திலோ, பிறந்த சிசுவாகிய கானரைக் கையில் ஏந்தி நிற்பவன் ஆலிவர். அறிந்திருந்தான், அறிந்தும் பொறுப்புக்கு அஞ்சி ஓடினான், ஓடியதை மறைத்தான். பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் சக வீரர்களுக்கும் முகத்துக்கு நேரே உண்மை சொன்ன அந்த நாவு, சொந்த மகனிடத்தில் ஒரு வாக்கியம் சொல்லத் துணியவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவனை வெறுப்பதற்கு நியாயமும் இருந்தது. ஆனாலும் புத்தகத்தை மூடிவிட்டுப் போக மனம் இடங்கொடுக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவன் மகனிடம் எப்போது சொல்லப்போகிறான் என்று அறிந்துகொள்வதற்காகவே அடுத்த இதழைத் தேடினேன்.