ஊரின் பெயரும் அணியின் உரிமையும்

விளையாட்டில் ஈடுபாடு கொண்டவர்களுட் பெரும்பாலோர் தாமே ஆடுபவர் அல்லர். பந்தைத் தொடாமலே, தாம் விரும்பும் அணி வென்றால் மகிழ்வதும் தோற்றால் துயருறுவதும் அவர்களுடைய இயல்பு. வெற்றியால் அவர்களுக்கு ஊதியம் இல்லை. தோல்வியால் பொருள் நட்டமும் இல்லை. ஆயினும், 'எங்கள் அணி' என்று அவர்கள் சொல்லும்போது அச்சொல்லிலே ஓர் உரிமை தொனிக்கின்றது. அந்த உரிமை எங்கிருந்து வருகின்றது? உறுதிப் பத்திரத்திலிருந்து வருவதன்று. ஊரின் பெயரிலிருந்து வருகின்றது. அந்தப் பெயரே கைக்குக் கை மாறும் பண்டமாகிவிட்டால் இரசிகனின் உள்ளம் என்னவாகும் என்பதற்கு மாத்தளை மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு.

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி, நாலந்தையையும் நாவுலையையும் கடந்து தம்புள்ளையை அடைகின்றது. மலைநாட்டின் குளிர்ச்சி நீங்கி, வரண்ட வலயத்தின் வெயில் முகத்தில் அடிக்கும் இடம் அது. குகைக் கோயிலால் அவ்வூர் உலகப் புகழ் பெற்றது. நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் மரக்கறி வந்து சேரும் பெருஞ்சந்தையால் இலங்கை முழுவதும் அறிமுகமானது. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்குள்ள ரங்கிரி விளையாட்டரங்கில் இலங்கையும் இங்கிலாந்தும் மோதிய கிரிக்கெட் போட்டி நடைபெற்றது. அன்று முதல் மாத்தளை மாவட்டத்தின் பெயர் விளையாட்டு உலகிலும் இடம்பெறலாயிற்று.

மாத்தளைக் கடைத்தெருவிலே வேலை செய்யும் ஓர் இரசிகனை இங்கே மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். தோட்டத்திலே பிறந்து, நகரத்திலே தொழில் தேடிக்கொண்டவன் அவன். அவன் தனி ஒருவன் அல்லன். அவனைப் போன்றோர் அம்மாவட்டத்திற் பலர். 2020ஆம் ஆண்டில் 'லங்கா பிரீமியர் லீக்' என்னும் கிரிக்கெட் தொடர் தொடங்கிற்று. கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், தம்புள்ளை என ஐந்து ஊர்களின் பெயரில் ஐந்து அணிகள் அமைந்தன. நாட்டின் பெருநகரங்களோடு ஒரே வரிசையில் தன் மாவட்டத்து ஊர் ஒன்றும் எழுதப்பட்டிருப்பதைக் கண்ட அவன் பூரித்துப் போனான். எந்த அணியை ஆதரிப்பது என்னும் கேள்வியே அவனுக்கு எழவில்லை.

அவ்வாண்டு அணியின் பெயர் 'தம்புள்ளை வைக்கிங்'. வைக்கிங் என்ற சொல்லுக்கும் தம்புள்ளைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது உரிமையாளரின் தொழில் நிறுவனப் பெயரை ஒட்டி வந்தது. கொள்ளைநோய்க் காலமாகையால், போட்டிகள் யாவும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இன்றியே நடைபெற்றன. தசுன் சானக்கவின் தலைமையில் ஆடிய அணி அரையிறுதியில் யாழ்ப்பாண அணியிடம் தோற்றது. இரசிகன் வருந்தினான், ஆயினும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தேறினான்.

அடுத்த ஆண்டு வந்தது, வைக்கிங் வரவில்லை. அந்த உரிமையாளரின் உடன்படிக்கையை 2021இல் கிரிக்கெட் நிருவாகம் முடிவுக்குக் கொண்டுவந்தது. வேறு உரிமையாளர் வந்தார். அணி 'தம்புள்ளை ஜயன்ட்ஸ்' ஆயிற்று. 2022இல் மீண்டும் கை மாறியது. புதிய நிறுவனத்தின் பெயர் தாங்கி 'தம்புள்ளை ஓரா' என்றாயிற்று. 2023இலும் அதே பெயர் நீடித்தது. குசல் மெண்டிஸின் தலைமையில் அணி முதன்முறையாக இறுதிப் போட்டிக்குச் சென்று, ஓகஸ்ட் 20ஆந் திகதி கொழும்பிலே கண்டி அணியிடம் ஐந்து விக்கெட்டுகளால் தோற்றது. தோற்றாலும் அவ்வாண்டே இரசிகனுக்கு நிறைவளித்த ஆண்டு. ஒரே பெயரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சொல்ல முடிந்ததல்லவா?

ஓர் உண்மையை இங்கே மறத்தலாகாது. 2020 முதல் 2023 வரை நடந்த நான்கு தொடர்களிலும் தம்புள்ளை அணி தம்புள்ளையில் ஒரு போட்டியேனும் ஆடவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டியை அடுத்த பல்லேகலை ஆகிய இடங்களிலேயே போட்டிகள் நிகழ்ந்தன. ஊரிலே நல்லதோர் அரங்கு இருந்தும், ஊரின் பெயர் மட்டுமே வெளியூர்களுக்குப் பயணம் செய்தது. இரசிகன் தன் அணியைத் தொலைக்காட்சியிலேயே கண்டான்.

2024ஆம் ஆண்டு பிறந்தது. தம்புள்ளையிலும் இம்முறை போட்டிகள் உண்டு என்ற செய்தி வந்தது. உரிமையாளர் மீண்டும் மாறினார்; பெயர் 'தம்புள்ளை தண்டர்ஸ்' ஆயிற்று. மே 21ஆந் திகதி வீரர்களுக்கான ஏலம் நடந்தது. யார் யாரை அணி வாங்கிற்று என்று இரசிகன் ஆவலோடு பார்த்தான். மறுநாளே, அந்த அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டின் பேரில் கைது செய்யப்பட்டார் என்ற செய்தி வெளியாயிற்று. விளையாட்டு ஊழலைக் குற்றமாக்கும் சட்டத்தை இலங்கை 2019ஆம் ஆண்டிலே நிறைவேற்றியிருந்தது. அச்சட்டத்தின் கீழேயே இந்நடவடிக்கை எடுக்கப்பட்டது. உடன்படிக்கை இரத்தாயிற்று. ஒரு பந்தேனும் வீசாமலே தண்டர்ஸ் மறைந்தது. அமெரிக்காவில் இயங்கும் நிறுவனம் ஒன்று அணியைப் பொறுப்பேற்க, 'தம்புள்ளை சிக்ஸர்ஸ்' என்னும் ஐந்தாம் பெயர் தோன்றியது.

அவ்வாண்டு யூலை மாதத்திலே தம்புள்ளை அணி, இறுதியில் தம்புள்ளை மண்ணிலே காலடி வைத்தது. நான்கு தொடர்களாகக் காத்திருந்த இரசிகன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால், அவனுடைய சிறு மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, இந்த வருடம் நம் அணிக்கு என்ன பெயர்?" அவன் விடை சொல்லத் தயங்கினான். தயங்கிய அக்கணத்திலேதான் தன் உள்ளத்தில் ஏதோ அறுந்துபோயிற்று என்பதை அவன் உணர்ந்தான். தோல்வியால் அறுந்ததன்று. தோல்வியைத் தாங்காத இரசிகன் இரசிகனே அல்லன். தான் பற்றிக்கொண்டிருந்த கயிற்றின் மறுமுனையை எவரும் பிடித்திருக்கவில்லை என்பதை அறிந்தமையால் வந்த ஏமாற்றம் அது.

முதலாளிகளின் தரப்பிலும் நியாயம் உண்டு. வீரருக்கு ஊதியம் கொடுக்க வேண்டும்; போட்டியை நடத்தப் பெருந்தொகை வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்டிலே, விளையாட்டுக்குப் பணம் போட முன்வருவோர் இல்லாவிடின் இளம் வீரர் பலர் களமே கண்டிருக்க மாட்டார்கள். வெளிநாட்டு வீரர்களோடு ஒரே அறையில் இருந்து பயிலும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டியிராது. ஆதலால், பணம் போட்டவரைப் பழிப்பது நோக்கமன்று. பணம் போட்டவர் எதை வாங்கினார், எதை வாங்கவில்லை என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு மாத்தளை மக்கள் வெளியே சென்று விடை தேட வேண்டியதில்லை. நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோயில் இருக்கின்றது. மாசிமகத் திருவிழாவிலே ஐந்து தேர்கள் வீதியில் உலா வருகின்றன. திருவிழாவுக்குப் பொருள் கொடுக்கும் வணிகர்கள் உண்டு. அவர்களை உபயகாரர் என்று ஊர் மதிக்கின்றது. காளாஞ்சி கொடுத்துச் சிறப்புச் செய்கின்றது. ஆயினும், உபயகாரர் தம் கடையின் பெயரை அம்மனுக்குச் சூட்டுவதில்லை. ஓராண்டு கொடுத்தவர் மறு ஆண்டு கொடுக்கவில்லை என்பதற்காகத் தேர் வேறு ஊருக்குப் போய்விடுவதுமில்லை. உபயம் உபயகாரருடையது, தேர் வடம் பிடிப்பவருடையது. இந்த வேறுபாட்டை உணர்ந்த ஊரிலே, விளையாட்டு அணி மட்டும் ஏன் வேறு நியாயத்தில் நடக்க வேண்டும்?

உதைபந்தாட்ட உலகிலே இந்த வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது. இலண்டனிலுள்ள விம்பிள்டன் கழகத்தை அதன் உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் என்னும் வேறு நகருக்குக் கொண்டுசெல்ல 2002ஆம் ஆண்டு அனுமதி பெற்றார்கள். இரசிகர்கள் அழுது ஓயவில்லை. அதே ஆண்டிலே தாமே புதிய கழகம் ஒன்றைத் தொடங்கி, அடிமட்டப் போட்டிகளிலிருந்து ஆடத் தலைப்பட்டார்கள். 2011இல் அக்கழகம் தொழில்முறைப் பிரிவுக்கு உயர்ந்தது. 2020இல், கழகம் பிறந்த பழைய வட்டாரத்திலேயே புதிய அரங்கு கட்டித் திரும்பி வந்தது.

கல்கத்தாவின் மோகன் பகான் கழகம் 1889இல் தோன்றியது. 1911இல், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றின் அணியை வென்று கேடயம் பெற்ற வரலாறு அதற்கு உண்டு. 2020இல் ஒரு பெருநிறுவனம் பெரும்பங்கை வாங்கித் தன் பழைய அணியின் பெயரெழுத்துகளை மோகன் பகானின் பெயருக்கு முன்னே சேர்த்தது. இரசிகர்கள் அதனை ஏற்கவில்லை. அம்மூன்று எழுத்துகளை நீக்கு என்ற குரல் ஓயாது ஒலித்தது. 2023இல் அவ்வெழுத்துகள் நீங்கின. வேறோர் ஒட்டுச்சொல் பின்னே சேர்ந்ததாயினும், ஊரார் உச்சரித்த பெயர் முன்னிடத்தை மீண்டும் பெற்றது. ஜெர்மனியிலோ, கழகத்தின் வாக்குரிமையிற் பாதிக்கு மேல் அங்கத்தவரிடமே இருத்தல் வேண்டும் என்பது 1998 முதல் விதியாகவே உள்ளது. அதற்கு விலக்குகள் சிலவே.

விம்பிள்டனுக்கும் மோகன் பகானுக்கும் வேர் இருந்தது. ஆகையால் இரசிகர்கள் போராட முடிந்தது. தம்புள்ளை அணிக்கோ வேர்விட அவகாசமே தரப்படவில்லை. அங்கத்தவர் இல்லை, கழகம் இல்லை, ஊரார் கூடிப் பேசும் சபையும் இல்லை. உடன்படிக்கை ஒன்றே இருந்தது. அது கிழிந்ததும் யாவும் மறைந்தன. வெற்றி பெற்றிருந்தால் நிலைத்திருக்கும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. முதல் ஐந்து தொடர்களில் நான்கில் வாகை சூடியது யாழ்ப்பாண அணி. ஆயினும் 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்னும் காரணத்தால், அதன் உரிமையாளரின் உடன்படிக்கையும் கொழும்பு அணியினுடையதும் ஒருங்கே முடிவுக்கு வந்தன. அவ்வாண்டு நவம்பரில் தொடங்கவிருந்த தொடரும் பிற்போடப்பட்டது.

ஊரின் பெயரைத் தாங்கும் அணியிடம் ஊரார் கேட்க வேண்டியவை மூன்று. பணம் தருபவர் மாறினாலும் அணியின் பெயரும் நிறமும் மாறாதிருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் சில போட்டிகளேனும் அவ்வூர் அரங்கிலே நடைபெறல் வேண்டும். அணியைப் பற்றிய பெரிய முடிவுகளில் ஊர்க் கழகங்களின் கருத்தும் கேட்கப்படல் வேண்டும். இவை மூன்றும் பெருஞ்செலவு தருவன அல்ல. ஊரின் பெயரை இரவல் வாங்குகின்றவர் அதற்குச் செலுத்தவேண்டிய வாடகை என்றே இவற்றைக் கருதலாம்.

நம் இரசிகன் விளையாட்டை வெறுத்துவிடவில்லை. ஞாயிறு மாலைகளில், தான் பிறந்த தோட்டத்தின் மைதானத்துக்கு மகளை அழைத்துச் செல்கின்றான். அங்கே புல் இல்லை, செம்மண்ணே உண்டு. கோல் கம்பங்கள் மூங்கிலால் ஆனவை. தோட்டத்து இளைஞர்கள் பக்கத்துத் தோட்டத்தாரோடு உதைபந்தாட்டம் ஆடுகின்றார்கள். வெள்ளைக்காரக் கம்பனிகளின் கையிலிருந்த தோட்டங்கள் எழுபதுகளிலே அரசின் கைக்கு வந்தன. 1992 முதல் புதிய கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. துரைமார் மாறினார்கள், கணக்குப் புத்தகங்கள் மாறின. ஆனால், அங்கே வாழ்ந்து உழைத்தவர்களின் நாவிலே தோட்டத்தின் பெயர் மாறவில்லை. ஆடுகின்ற இளைஞர்கள் அந்தப் பெயருக்காகவே ஆடுகின்றார்கள்.

அங்கே மகள் அணியின் பெயரைக் கேட்கவில்லை. அது அவளுக்கு முன்னமே தெரியும்.