சிறு துளையும் உடற்காவலும்



குடும்பத்தில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தவுடன், வயிற்றைத் திறந்து அறுவை செய்வதா, துளையிட்டுச் செய்வதா என்னும் வினா எழுகின்றது. பெரும்பாலோர் தழும்பையும் மருத்துவமனையில் தங்கும் நாட்களையும் எண்ணியே விடை தேடுகின்றனர். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றும் எண்ணத்தக்கது. அஃது உடலின் நோய் எதிர்ப்பாற்றல்.

1882ஆம் ஆண்டு பெர்லினில் கார்ல் லாங்கன்புக் வயிற்றைத் திறந்து, முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். 1985இல் ஜெர்மனியின் பொப்லிங்கன் நகரில் எரிக் மூஹெ அதனையே லேப்ரோஸ்கோபி முறையில் செய்தார். நோய் அதுவே, காயம் சுருங்கியது.

மருத்துவர் நலங்கருதியே கத்தியை எடுக்கின்றார். உடலுக்கோ அது காயமே. காயமுற்ற இடத்திலிருந்து இன்டர்லூகின்-6 என்னும் பொருள் இரத்தத்தில் கலக்கின்றது. அதன் தூண்டுதலால் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றது. இவ்வழற்சி ஓரளவு தேவையானதே. புண் ஆறுதற்கு அதுவே தொடக்கம். அளவு மீறினால் அதனை அடக்க உடலே முயல்கின்றது. அப்போது கிருமிகளை அடையாளங்காட்டும் வெள்ளையணுக்களின் திறன் சில நாட்கள் குன்றுகின்றது. தொற்று நுழைய அது வாயிலாகின்றது.

பித்தப்பை, பெருங்குடல் ஆகியவற்றின் சிகிச்சைகளில் இருமுறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், துளைமுறைக்குப் பின் இவ்விரு பொருள்களும் குறைவாகவே உயர்ந்தன. வெள்ளையணுக்களின் திறனும் பெரிதும் காக்கப்பட்டது. வயிற்றுச்சுவரின் காயம் சிறிது என்பதே முதன்மைக் காரணம்.

எனினும் சிறுகாயம் எப்போதும் சிறுதீங்கு ஆகாது. பெருங்குடல் புற்றுநோயாளர் 872 பேரைக்கொண்டு நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், நோய் மீளும் அளவு இருமுறையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வோ எதிர்மாறானது. நாலரை ஆண்டுகளுக்குப்பின் நோயின்றி இருந்தோர் திறந்த முறையில் 96.5 விழுக்காடு, துளைமுறையில் 86 விழுக்காடே.

உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், இம்சையைப் பிரமாதம் என்னும் விழிப்பின்மையோடு சேர்த்தே வரையறுக்கின்றது. தோலில் உள்ள வடுவை மட்டும் அளந்து தீங்கின் அளவை முடிவுசெய்வதும் ஒருவகை விழிப்பின்மையே. இந்நோய்க்கு, இவ்வுடலுக்கு எம்முறை ஏற்றது, ஏன் என்று மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். துளைவழி தொடங்கிய சிகிச்சையை இடையில் திறந்த முறைக்கு மாற்ற நேரின், அதனைத் தோல்வியாகக் கருதலாகாது. உயிர்காக்கும் கவனம் அது. உபவாசம், இரவுணவு தவிர்த்தல் ஆகிய விரதங்களையும் முன்னரே தெரிவித்தல் நன்று. புண் ஆறவும் எதிர்ப்பாற்றல் மீளவும் உணவும் புரதமும் இன்றியமையாதன.

குறைந்த காயம் நன்று. அறிந்து தேர்ந்த காயம் அதனினும் நன்று. அதுவே உயிரோம்பும் அறம்.