இரண்டு மரக்கால் கணக்கு
(இளந்தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கையில் ஒரு போன் இருந்தால் போதும், ஒரு நிமிஷ வீடியோ எடுத்து மாதம் லட்சம் சம்பாதிக்கலாம் என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. பகலெல்லாம் தறியில் நின்ற பையன் இரவு கண் விழித்துப் படம் பிடிக்கிறான். மீன் விற்றுவிட்டு வந்த அம்மாள் குழம்பு வைக்கும் பக்குவத்தைப் படமாக்கிப் போடுகிறார். இதைக் கூத்து என்று ஏளனம் செய்கிறவர்கள் நம்மிலும் உண்டு. நாம் அப்படிச் சொல்லத் தயாராயில்லை. நேரம் போகிறது, உடம்பு நோகிறது, அதை வைத்து ஒருவன் லாபம் எடுக்கிறான். அப்படியானால் அது உழைப்புதானே? பிறகு நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கூலி எவ்வளவு, அதை அளப்பவன் யார்?

யூடியூப் கம்பெனியின் ‘ஷார்ட்ஸ்’ கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரி 1 முதல் இந்தக் குறும்படங்களுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு தருகிறார்கள். ஆனால் வாசலிலேயே ஒரு காவல். 1,000 சந்தாதாரர் சேர வேண்டும். அதோடு 90 நாளில் 1 கோடி பார்வை விழ வேண்டும். (நீண்ட படம் போடுகிறவருக்கு ஓராண்டில் 4,000 மணி நேரம் என்று வேறு வாசல் உண்டு, அதுவும் லேசல்ல.) 1 கோடியை 90 ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 1,11,000க்கு மேல்! அந்த வாசலைத் தாண்டும் வரை போட்ட படங்கள் ஓடும், ஜனங்கள் பார்ப்பார்கள், கம்பெனியின் கடையில் கூட்டம் சேரும். விளம்பரப் பணத்தில் மட்டும் படம் எடுத்தவருக்குக் காலணா கிடையாது.

சரி, தாண்டியாயிற்று. பங்கு எப்படி? வரும் விளம்பரப் பணத்தில் முதலில் பாட்டுக் கணக்கு கழிகிறது. படத்தில் ஒரு பாட்டு இருந்தால் அதற்குரிய பணத்தில் பாதி, இரண்டு பாட்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கணக்குக்குப் போகும். மீதிதான் படமெடுப்போரின் பொதுக் குவியல். அதில் உங்கள் பார்வைக்கு ஏற்ப ஒரு பாகம் ஒதுக்கி, ஒதுக்கியதில் 45 சதவீதத்தைக் கையில் தருவார்கள். எல்லோரும் ஒரு பாட்டு வைத்துப் படம் போட்டதாக வைத்துக்கொண்டால், 100 ரூபாயில் குவியலுக்கு வருவது 50; படமெடுத்தவர்களுக்கு வருவது 22 ரூபாய் 50 காசு. பாட்டே வைக்காதவரும் அதே குவியலில்தான் பங்கு வாங்க வேண்டும். குவியலும் நாட்டுக்கு நாடு வேறு. நம் ஊரில் விளம்பர விலை குறைவு. ஆகவே நம்மவர் பார்க்கும் பார்வைக்கு, அமெரிக்காவில் விழும் பார்வையைவிடக் கூலி குறைவு.

இதைவிட விசேஷம் ஒன்று உண்டு. 2025 மார்ச் 31 முதல் பார்வையை எண்ணும் முறையையே மாற்றிவிட்டார்கள். படம் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. ஜனங்கள் விரலால் தள்ளிவிட்டுப் போனாலும் பார்வைதான். எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது. பணத்துக்கு? அதற்கு மட்டும், தங்கிப் பார்த்த பார்வை என்று தனிக் கணக்கு! தஞ்சாவூர்ப் பண்ணைகளில் வாங்குவதற்கு ஒரு மரக்கால், அளப்பதற்கு ஒரு மரக்கால் வைத்திருந்த கதை நம் பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே களத்தில் நின்றாவது பார்க்கலாம், ‘முத்திரை போட்ட மரக்காலைக் கொண்டுவா’ என்று கேட்கலாம். இங்கே களமும் கம்பெனியின் இயந்திரத்துக்குள், மரக்காலும் அதற்குள்.

வேலைக்கு உத்தரவாதம் உண்டா என்றால், 2020 ஜூன் 29 ஐ நினைத்துப் பாருங்கள். டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய சர்க்கார் ஒரே உத்தரவில் தடை செய்தது. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். அதை நம்பிப் பிழைத்தவர்கள், சேர்த்த கூட்டமெல்லாம் ஒரே ராத்திரியில் போய் வெறுங்கையோடு நின்றனர். ஆலை மூடினால் நஷ்டஈடு கேட்க வழியுண்டு. இவர்கள் யாரிடம் கேட்பது? சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமின் ‘ரீல்ஸ்’ வந்தது, செப்டம்பரில் ‘ஷார்ட்ஸ்’ வந்தது. மறுபடி முதலிலிருந்து கூலி!

கேட்க முடியாது என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் 2019 ஜூலையில், மோட்டார், இரும்புத் தொழிலாளரின் பெரிய சங்கமான ஐ.ஜி. மெட்டல், யூடியூப்பில் படம் போடுகிறவர்களின் சங்கத்தோடு கைகோத்து இயக்கம் தொடங்கியது. படத்தைத் தள்ளி வைத்தால் காரணம் சொல், எந்த விதிப்படி என்று காட்டு, இயந்திரமல்ல ஒரு மனிதர் பதில் சொல்லட்டும் — இவைதான் கோரிக்கைகள். கார் செய்கிறவனுக்கும் படமெடுக்கிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

நம் நாட்டில் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் வாடகைக் கார், உணவு விநியோகம் ஆகியவற்றுடன் உள்ளடக்கம், ஊடகச் சேவையும் எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கம்பெனிகள் ஆண்டு விற்றுவரவில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்று ஒரு தாழ்ப்பாளும் அதிலேயே உண்டு. வீடியோ எடுக்கிறவரும் இதில் தொழிலாளரா? ‘அவர் எங்கள் கூட்டாளி’ என்றுதான் கம்பெனி சொல்லும். பெயரிலேயே பார்ட்னர் என்று போட்டிருக்கிறது! நாம் வாதாட வேண்டிய இடம் அதுதான்.

வாதாடக் கணக்கு வேண்டும். ஆகையால் இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். படம் எடுக்க எத்தனை மணி, காட்டிய பார்வை எத்தனை, கூலிக்கு எடுத்துக்கொண்ட பார்வை எத்தனை, வந்த பணம் எவ்வளவு என்று தேதிவாரியாக எழுதுங்கள். 100 டாலர் சேரும் வரை பணத்தை அனுப்ப மாட்டார்கள். தேங்கி நிற்கும் தொகையையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் கூடும்போது அந்த நோட்டோடு வாருங்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.