விண்வெளிப் பயணி: இரண்டு நேரம் காட்டும் கடிகாரம்



விண்வெளியின் பெயரைச் சொல்லி விற்கும் ஆடம்பரக் கடிகாரங்கள் இன்று ஏராளம். சிலவற்றின் முகப்பில் விண்கல்லை மெல்லிய தகடாக அறுத்துப் பதித்திருப்பார்கள். சிலவற்றில் கருநீலத்தின்மேல் நட்சத்திரப் பொட்டுகள் மின்னும். பார்க்க அழகுதான்; ஆனால் பெரும்பாலானவற்றில் உள்ளே ஓடும் இயந்திரத்துக்கும் ஆகாயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகாயத்தைப் பல்சக்கரங்களிலேயே வைத்த கடிகாரம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஜார்ஜ் டேனியல்ஸ் 1982-இல் செய்து முடித்த ‘ஸ்பேஸ் டிராவலர்’, அதாவது விண்வெளிப் பயணி. அதைப் பற்றித்தான் இன்றைய உரை.

டேனியல்ஸ் 1926-இல் பிறந்தவர், வறுமையில் வளர்ந்தவர். ராணுவத்தில் இருந்தபோது சக வீரர்களின் கடிகாரங்களைப் பழுதுபார்த்தார். பிறகு லண்டனில் மாலை வகுப்புகளில் தொழிலைப் படித்தார். பாரிஸின் பெருங்கலைஞர் பிரெகே செய்த பழைய கடிகாரங்களைச் சீர்செய்வதில் பெயர் எடுத்தார். தாமே முழுமையாகச் செய்த முதல் கடிகாரத்தை அவர் முடித்தது 1969-இல். மனிதன் நிலவில் இறங்கியதும் அந்த ஆண்டுதான். ஜப்பானின் செய்கோ நிறுவனம் மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டு டிசம்பரில்தான். சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரத்தின் கதை முடிந்தது என்று பலரும் கைகழுவிய காலத்தில், நிலவுப் பயணத்துக்குத் தம் மரியாதையாக இந்தத் தங்கச் சட்டைப்பைக் கடிகாரத்தை அவர் செய்தார். செவ்வாய்க்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு இது உதவும் என்று வேடிக்கையாகச் சொல்வாராம்.

இதில் இரண்டு நேரங்கள் ஓடுகின்றன. ஒன்று நாம் புழங்கும் சூரிய நேரம். மற்றது நட்சத்திர நேரம். இன்றிரவு உச்சியில் நீங்கள் பார்க்கும் ஒரு நட்சத்திரம் நாளை ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாகவே அங்கே வந்து நிற்கும். பூமி நட்சத்திரங்களைப் பொறுத்து ஒரு சுற்று முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான் ஆகிறது. அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையில் அது கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியனுக்கு நேரே வர இன்னும் சிறிது திரும்பவேண்டியிருக்கிறது. ஆண்டு முழுக்கக் கூட்டினால் இந்த வித்தியாசம் சரியாக ஒரு நாள். ஆக, ஒரு முள் ஏறக்குறைய 365¼ நாள் நடக்கும்போது இன்னொரு முள் 366¼ நாள் நடக்கவேண்டும். ஆனால் பல்சக்கரத்தில் அரைப் பல் வெட்ட முடியாது. இந்த விகிதத்துக்கு மிக நெருக்கமாக வரும் முழு எண்களைத் தேடிப்பிடிப்பதே பெரிய கணக்கு.

இரண்டாவது நேரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கலைநுட்பம் இருக்கிறது. சுருள்வில்லின் விசையை ஒரேயடியாக ஓடவிடாமல், பல் பல்லாக விடுவிக்கும் பகுதிக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். டிக் டிக் ஓசை அங்கிருந்துதான் வருகிறது. வழக்கமான அமைப்பில் பாகங்கள் உரசி வழுக்குவதால் எண்ணெய் வேண்டும். நாளாக ஆக எண்ணெய் கெட்டியாகும். கடிகாரமும் தடம் மாறும். எண்ணெயே தேவைப்படாமல் செய்ய பிரெகே இரண்டு சக்கரங்களைப் பல்லோடு பல் கோத்துப் பார்த்தார். பற்களுக்கு இடையிலிருந்த சிறு தளர்ச்சி அந்த முயற்சியைக் கெடுத்தது. டேனியல்ஸ் அந்த இரண்டு சக்கரங்களையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருள்வில், தனிப் பல்சக்கர வரிசை கொடுத்தார். இரண்டும் மாறி மாறி நடுவிலுள்ள ஒரே ஊசல்சக்கரத்தைத் தட்டிவிடுகின்றன. சிக்கல் தீர்ந்தது. இரண்டு வரிசைகள் இருக்கின்றனவே, ஒன்று சூரியனுக்கு, மற்றது நட்சத்திரத்துக்கு என்று ஆக்கிவிட்டார்! உராய்வை ஒழிக்கப் போட்ட வழியே வானத்துக்கும் வழியானது. நட்சத்திர நேரம் இங்கே மேலே ஒட்டிய அலங்காரம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கைவேலைக்கு வருவோம். கடிகாரத் தொழிலில் 34 தனித் திறன்கள் உண்டு என்பார்கள். அவற்றில் 32-ஐ டேனியல்ஸ் கைவசப்படுத்தியிருந்தார். கூடு, முகப்பு, முள், சக்கரம் எல்லாம் அவர் பட்டறையிலேயே உருவாயின. அவருடைய சீடர் ரோஜர் ஸ்மித் தம் முதல் கடிகாரத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, அது கையால் செய்தது போலத் தெரிகிறது என்று டேனியல்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். பாராட்டாக நாம் சொல்லும் சொல் அவருக்குக் குறை! அரத்தின் தடமோ கை தயங்கிய இடமோ தெரியாதவரை வேலை முடிந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முகப்பைப் பாருங்கள்: நிலவின் பிறை, நாள்காட்டி, நிழல்கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு என்று இத்தனை தகவல் இருந்தும் கண் தடுமாறுவதில்லை.

குறையும் சொல்லவேண்டும். நேரம் காட்டுவதில் மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் இதைத் தோற்கடித்துவிடும். நட்சத்திர நேரம் நம்மில் யாருக்கும் அன்றாடம் தேவையில்லை. 2019-இல் லண்டன் ஏலத்தில் இது 36 லட்சம் பவுண்டுக்குப் போனது என்பதும் அதன் அருமைக்குக் கிடைத்த விலைதான். கலையின் அளவுகோல் ஆகாது. டேனியல்ஸே இதை விற்றுவிட்டு வருந்தி, தமக்கென்று இன்னொன்று செய்துகொண்டவர்.

பிறகு எதை வைத்து மதிப்பிடுவது? எண்ணெய் வேண்டாத இயக்கம் என்ற அதே தேடலில் அவர் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்டைச் சுவிஸ் நிறுவனங்கள் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. 1999-இல் ஒமேகா அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. பெரிய நிறுவனம் துணிய மறுத்த சோதனையைத் தனிமனிதர் ஒருவர் தம் மேசையில் செய்து பார்த்து, ஓட்டியும் காட்டினார். யாரிடமும் அனுமதி கேட்காமல் புதியதைச் செய்து பார்க்கும் அந்தச் சுதந்திரத்துக்காகவே கைத்தொழில் பிழைத்திருக்கவேண்டும். பழமையைப் பாதுகாப்பது அதற்கு அடுத்த காரணம்தான்.